இடியன் துவக்கும் தொடர் எந்திரமும்

1848 மாத்தளைக் கிளர்ச்சியில் புரன் அப்புவின் ஆட்கள் ஏந்திய துவக்குகளும் குழல்வாய் வழியே நிரப்பப்படுபவையே. அம்மாவட்டத்தில் காட்டுப்பன்றிக்கு அஞ்சும் விவசாயி இன்றும் அவ்வகையை அறிவார். இடியன் துவக்கு என்பது பெயர். மருந்து, தும்பு, சன்னம் எனப் போட்டுக் கோலால் இடிக்க வேண்டும். மருந்து கூடினால் கோல் வெளியே நீளும், கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கண்காணிப்புத்தான் புதிய கருவிகளில் தொலைகிறது. அமெரிக்காவில் குறிசுடும் ஆர்வலர்கள் பலர் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறார்கள். ஒற்றைநிலை அச்சிலிருந்து டில்லன் போன்ற தொடர் எந்திரத்துக்கு மாறினால், நெம்புகோலின் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும். கூட்டினுள் எட்டிப்பார்க்க யாருக்குப் பொறுமை? மருந்து இருமடங்கு விழுந்தால் துப்பாக்கியே சிதறலாம். விழாவிட்டால் குண்டு குழலில் சிக்கும், அடுத்த வேட்டு ஆபத்து. கூடு ஊட்டும் கருவி பிறகு வரட்டும். மருந்தளவைச் சரிபார்க்கும் கருவியையே முதலில் வாங்குவேன். ஐந்துநிலை எந்திரத்தில் அதற்குத் தனியிடம் உண்டு.