பனிக்காலத்துத் தாமரை

இங்கிலாந்தில் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். சிறிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அதோடு இன்னொரு வேலையும் செய்வார்கள். வண்டியைக் கழுவித் துடைத்து, கராஜுக்குள் விட்டு, போர்வை போட்டு மூடிவிடுவார்கள். இந்த வண்டி இனி சாலைக்கு வராது என்று அரசாங்கத்திடம் பதிந்துவிட்டால், மீதி முழு மாதங்களுக்கான சாலை வரியும் திரும்பக் கிடைக்கும். மார்ச் மாதத்தில் வெயில் எட்டிப் பார்க்கும்போதுதான் போர்வை விலகும்.

என் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என்னிடம் கராஜும் கிடையாது, இரண்டாவது காரும் கிடையாது. நோர்விச் நகரில் தாதியாக வேலை செய்கிறேன். காலைப் பணி ஏழரை மணிக்குத் தொடங்கும். டிசம்பரில் இங்கே சூரியன் எழ எட்டு மணியாகும். மாலை நாலு மணிக்கு முன்பே போய்விடும். பணி நாளில் என் வண்டி பகல் வெளிச்சத்தைப் பார்ப்பதே மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில்தான்.

அது 2002-இல் செய்யப்பட்ட லோட்டஸ் எலீஸ். இரண்டே இருக்கை, துணிக்கூரை, நடுவில் இயந்திரம். எடை முக்கால் டன்னைச் சுற்றி. நம் ஊர் பழைய கஞ்சில் காரை நினைத்துக்கொண்டால் எடை ஓரளவு புரியும். பவர் ஸ்டீரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை, சறுக்கினால் பிடித்து நிறுத்தும் மின்னணு உதவி எதுவும் இல்லை. முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். காலுக்குக் கீழே வெறும் அலுமினியத் தரை. ஜனவரியில் அதில் கால் வைத்தால் ஐஸ் பெட்டிக்குள் நிற்பது போலிருக்கும்.

"ஏன் பிள்ளை இந்த வம்பு?" என்று கிள்ளானிலிருந்து அம்மா கேட்காத வாரமில்லை. அதற்குப் பதில் சொல்ல 1996-க்குப் போக வேண்டும்.

அப்பா ஷா ஆலாம் புரோட்டோன் தொழிற்சாலையில் வெல்டர். 1985-இல் முதல் சாகா வெளிவந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். 1996-இல் புரோட்டோன், இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அன்று மாலை அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே, "நாங்க லோட்டஸ வாங்கிட்டோம்!" என்றார். அம்மா சமையலறையிலிருந்து, "வெள்ளிக்கிழமை பூஜைக்கா? வாடிப் போயிருமே" என்றார். எங்கள் வீட்டில் இன்றுவரை ஓடும் கதை அது. பிறகு வாங்கிய ஜென்-2 காரின் பின்புறம் 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' என்று எழுதியிருக்கும். கழுவும்போது அப்பா அந்த எழுத்துகளை மட்டும் தனித் துணியால் துடைப்பார். 2017-இல் லோட்டஸின் பெரும்பங்கு சீனாவின் ஜீலி நிறுவனத்துக்குக் கைமாறியது. அன்று அப்பா எதுவும் பேசவில்லை.

நோர்விச்சில் வேலை கிடைத்தபோது லோட்டஸ் தொழிற்சாலை பக்கத்திலேயே இருப்பது எனக்குத் தெரியாது. ஹெத்தெல் என்ற இடம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பறந்த தளம். 1966-இல் லோட்டஸ் அங்கே குடியேறியது. இந்த வட்டாரச் சாலைகளில் பழைய எலீஸ்கள் சாதாரணமாகத் தென்படும். நான்கு வருடம் சேர்த்த பணத்தில் ஒன்றை வாங்கினேன். வேறு எந்தக் காராக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

குளிரில் இந்த வண்டியை ஓட்டுவது தனி வித்தை. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். பிடிப்பு குறையும். சாலை ஈரமாகவும் இருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் நவம்பரில் குளிர்கால டயருக்கு மாறிவிடுவேன். அதில் இயற்கை ரப்பர் கூடுதலாக இருக்கும், குளிரிலும் மெதுவாகவே இருக்கும்; மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் ஓடும். வண்டி லேசாக இருப்பதால் முன் டயர்கள் 175 மில்லிமீட்டர் அகலம்தான். அந்த அளவில் குளிர்கால டயர் தேடி அலைந்து, கடைசியில் இன்னோர் எலீஸ்காரரிடம் சக்கரத்தோடு நான்கையும் வாங்கினேன்.

அடுத்தது கண்ணாடி. குட்டி அறைக்குள் ஒரு மனுஷி ஈரக் கோட்டோடு உட்கார்ந்து மூச்சு விட்டால் போதும், உள்ளே மூடுபனிதான். இயந்திரம் பின்னால் இருப்பதால் சுடுநீர் வண்டியின் நீளத்தைக் கடந்து முன்னால் வந்த பிறகுதான் ஹீட்டருக்கு உயிர் வரும். அதுவரை பத்து நிமிடம் பல் கடிக்க வேண்டும். ஈரக் கோட்டைக் கழற்றிப் பின் பெட்டியில் போட்டுவிடுவது நான் கண்ட வழி. அந்தப் பெட்டி இயந்திரத்தை ஒட்டி இருப்பதால் எப்போதும் கதகதப்பாக இருக்கும். கோட்டும் காயும், டிபன் கேரியரும் ஆறாது. ஐஸ்கிரீம் மட்டும் வாங்கக் கூடாது.

பணத்தால் வாங்க முடியாதது ஒன்று உண்டு. இந்த ஸ்டீரிங் கைக்குச் சொல்லும் சேதி. நோர்ஃபோக் வட்டாரம் சீனிக்கிழங்கு விளையும் பூமி. இலையுதிர் காலத்தில் தொடங்கும் அறுவடை குளிர்காலம் நெடுக நடக்கும். வயலிலிருந்து ஏறும் டிராக்டர் சேற்றையெல்லாம் சாலையில் இழுத்துக்கொண்டு போகும். செம்பனை லோரி போன தோட்டப் பாதையில் மழை பெய்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு நவம்பர் மாலை, விண்டம் ஊரைத் தாண்டி ஒரு வளைவு. (எழுதுவது 'வைமண்ட்ஹாம்' போல இருக்கும், சொல்வது 'விண்டம்'. ஆங்கிலேயரை என்ன சொல்ல!) இருட்டில் எனக்கு எதுவும் தெரியவில்லை. திடீரென்று ஸ்டீரிங் எடையற்றுப் போனது, வாளித் தண்ணீருக்குள் கையை விட்டதுபோல. கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது. நடு இயந்திர வண்டியில் அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினாலோ எண்ணெய் மிதியிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தாலோ கனமான பின்பகுதி முன்னால் வந்து நிற்கும். நான் கையையும் காலையும் அசைக்காமல் வைத்திருந்தேன். மூன்று நொடி இருக்கும். சேறு முடிந்ததும் ஸ்டீரிங்குக்கு எடை திரும்பியது. மறுநாள், அதே வழியில் இரண்டு டன் வண்டியில் வரும் தோழியிடம் சொன்னேன். "சேறா? எங்கே?" என்றாள். அவளுடைய வண்டி அவளுக்கு அதைச் சொல்லவே இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, லேசான வண்டிதான் பாதுகாப்பு என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பெரிய வண்டியோடு மோதினால் கதை வேறு. நெடுஞ்சாலையில் லோரி பக்கத்தில் வந்தால் என் கண் மட்டத்தில் இருப்பது அதன் சக்கரம். ஓட்டுநருக்கு நான் கண்ணில் படமாட்டேன். அது தெளிக்கும் உப்புச் சேற்றை ஒற்றை வைப்பர் தள்ளி முடிக்கும்வரை குருட்டுப் பயணம்தான். அதனால் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். இரவு வாசற்படியில் ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைப்பேன். காலையில் அதன் மேல் ஐஸ் ஏடு கட்டியிருந்தால் பஸ். கண்ணுக்குத் தெரியாத ஐஸ் மேல் எந்த டயரும், எந்தத் திறமையும் செல்லாது. பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பறவைகளுக்கு வைக்கும் தண்ணீர் என்று நினைத்து என்னை வெகுவாகப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

2023 ஜனவரியில் அப்பா இரண்டு வாரம் வந்தார். விமான டிக்கெட் மலிவு என்று சொன்னார், காரணம் அதுவல்ல. வந்த மறுநாள் காலை, கம்பளித் தொப்பியும் மப்ளருமாக வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். கதவைத் திறந்து, அகலமான அலுமினிய ஓரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"வெல்டிங் எங்கம்மா?"

"வெல்டிங் இல்லப்பா. சட்டம் முழுக்க அலுமினியம். பசை போட்டு ஒட்டியிருக்காங்க."

"பசையா?" வாழ்நாளெல்லாம் பற்றவைத்த மனிதர். குனிந்து, விரலால் இணைப்புகளைத் தடவிக்கொண்டே போனார். "ஒட்டினதா... அதான் இவ்ளோ லேசு." பிறகு டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தார். குளிர்கால டயரில் இயற்கை ரப்பர் அதிகம் என்று சொன்னதும், "உங்க பாட்டி வெட்டின பால் மாதிரிதான்" என்றார். இது தாய்லாந்துப் பாலாகவும் இருக்கலாம் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

அவருக்கு முட்டி வலி. அந்த உயரமான ஓரத்தைத் தாண்டிப் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். "ஏறுறதா, எறங்குறதா இது?" என்றார். துணிக்கூரையைக் கழற்றி, ஓரத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு காலாக உள்ளே விட்டு, மறுபடி கூரையை மாட்டினேன். முதல் நாள் ஏழு நிமிடம். பிறகு நாலு. இட்லியைப் பின் பெட்டியில் வைத்துக்கொண்டு ஹோர்சி கடற்கரைக்குப் போனோம். அங்கே குளிர்காலத்தில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் குட்டி போட வரும். இட்லி ஆவி பறக்க இருந்தது. அப்பா கடல்நாயைவிட அதைத்தான் படம் பிடித்தார். எலீஸ் என்பது அந்நாளில் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்த ஆர்தியோலியின் பேத்தி எலிசாவின் பெயரிலிருந்து வந்தது என்று வழியில் சொன்னேன். "பேத்தி பேரா? எனக்கும் ஒண்ணு இருந்தா வெல்டிங் மிஷினுக்காவது வச்சிருப்பேன்" என்றார். பேச்சை மாற்றினேன்.

ஹெத்தெல் வாசலில் வண்டியை நிறுத்தினோம். எலீஸ் தயாரிப்பு 2021-லேயே நின்றுவிட்டது. இப்போது அதே பெயர்ப் பலகையைத் தாங்கி வூஹானிலிருந்து வரும் மின்சார வண்டி இரண்டரை டன் கிட்டத்தட்ட நிற்கிறது. எனக்கு அதில் ஒட்டுதல் வரவில்லை. அப்பா முன்பக்கச் சின்னத்தில் கை வைத்துக்கொண்டு படம் எடுக்கச் சொல்லி, ஷா ஆலாம் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். திரும்பும்போது சொன்னார்: "வித்ததுல வருத்தமில்லம்மா. இருபத்தோரு வருஷம் நம்ம கையில இருந்துச்சு. ஒரு தடவ உக்காந்து பாக்கல."

அன்று இரவே ஒரு நாள் காப்புறுதி தேடினேன். விலையைப் பாதியாகக் குறைத்துத்தான் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் 6 டிகிரி, காய்ந்த சாலை, காற்றில்லை. நகரத்துக்கு வெளியே நேர்கோடாகப் போகும் சாலை ஒன்றில் இடம் மாறினோம். அப்பா கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். "கை வெறைச்சுப் போயிடும்பா." "தெரியும். கையுறையோட எப்படித் தெரியும்?" இரண்டாம் கியரில் கொஞ்ச தூரம், பிறகு மூன்று. ஒரு மைல் கடந்திருக்கும். பேசாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர், "முன்னாடி எடது டயர்ல காத்து கம்மி" என்றார். இல்லையே, போன வாரம்தானே பார்த்தேன் என்றேன். வண்டியை ஓரங்கட்டி அளந்தோம். மற்றதைவிட இரண்டு பவுண்டு குறைவு. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் எல்லா டயரிலும் ஏறத்தாழ ஒன்றரை பவுண்டு குறையும்; இது அதற்கும் மேலே. வால்வு கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது. அப்பா காற்றடிக்கும்போது கை நடுங்கியது, குளிரில்தான். முகத்தில் மட்டும், 1996-இல் வாசலில் நின்ற ஆள்.

அவர் போகுமுன் எனக்கு வேலை வைத்துவிட்டுப் போனார். இங்கே அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சாலையில் கல்லுப்பு தூவுவார்கள், ஐஸ் பிடிக்காமலிருக்க. உடல் கண்ணாடியிழை, துருப்பிடிக்காது, சட்டம் அலுமினியம். ஆனால் சக்கரங்களைத் தாங்கும் கைகள் எஃகு. எஃகும் அலுமினியமும் சேருமிடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அரிப்பு வேகமாகும். அடித்தட்டு மூடியிருப்பதால் உப்பும் மண்ணும் அதற்குள் போய்த் தங்கிவிடும். வாரம் ஒரு முறை அடியில் பச்சைத்தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும்; வருடத்துக்கு ஒரு முறை தட்டைக் கழற்றித் துடைக்க வேண்டும். அப்பா தரையில் அட்டை விரித்துப் படுத்து, துருப் பிடித்த இடங்களைச் சாக்குக்கட்டியால் குறித்துவிட்டுப் போனார்.

அந்தக் கைகளைப் பட்டறையில் கழற்றி, துரு நீக்கி, புதுப் பூச்சு போட இந்த வசந்தத்தில் நாள் குறித்திருக்கிறேன். கேட்ட தொகைக்கு நல்ல பழைய மைவி ஒன்று வாங்கலாம் என்கிறார் அம்மா. அப்பா பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இங்கே எனக்குக் காலை ஆறு மணி ஆகும்போது, அங்கே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாட்ஸ்அப்பில் வருவார். முதல் கேள்வி, "இன்னிக்கி எத்தன டிகிரி?" இரண்டாவது, "முன்னாடி எடது டயர் பாத்தியா?"