அம்மாவின் காதோரம் ஒரு கோலிக்குண்டு

"பொன்னுக்கு வீங்கிதான்டா இது!" தீர்ப்பே சொல்லிட்டாள் பாட்டி. அம்மாவின் இடது காதுக்குக் கீழே கோலிக்குண்டு சைஸில் ஒரு வீக்கம். உடனே கழுத்தில் பாட்டியோட தங்கச் சங்கிலி, கன்னத்தில் வேப்பிலை மஞ்சள் பற்று. ரெண்டு மாசம் ஆச்சு. வலியும் இல்லை, வீக்கம் வற்றவும் இல்லை.

பாட்டி இடத்தை மட்டும் கரெக்டாகச் சொல்லியிருந்தாள். பொன்னுக்கு வீங்கியில் வீங்குவதும் அதே பரோட்டிட் சுரப்பிதான் (புரோட்டா இல்லீங்க!). எச்சில் சுரப்பிகளிலேயே பெரிசு. அங்கே வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை கேன்சர் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அடுத்த நிமிஷமே இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டார். முகத்தை அசைக்கிற நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ளே புகுந்துதான் கிளை பிரிகிறதாம். அதில் கத்தி பட்டால் கண் மூடாது, வாய் கோணிக்கும். "கட்டி எவ்வளவு ஆழம்னு தெரியணும். எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க."

ஸ்கேன் சென்டரில் உலோகம் எதுவும் கூடாது என்றார்கள். "தாலியையுமா?" அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அப்பா ஓடிப்போய் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வந்து கட்டினார். இருபது வருஷ மூக்குத்தி தேங்காய் எண்ணெய்க்குத்தான் மசிந்தது.

நான் பி.எஸ்சி. இயற்பியல். 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைவிட 30,000 மடங்கு. உடம்பில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களை அதில் நிறுத்தி, ரேடியோ அலையால் தட்டிவிட்டு, திரும்பி வரும் சிக்னலைப் படமாக்குகிறார்கள். எக்ஸ்ரே கிடையாது. இந்த டெக்னிக்குக்காக லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் கொடுத்தார்கள். பரீட்சைக்கு அஞ்சு மார்க் கேள்வியாக மனப்பாடம் பண்ணியிருந்தேன். அன்னிக்கு அதற்குள்ளே அம்மா படுத்திருந்தாள்.

"ரைஸ்மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருந்துச்சு. எச்சில் சுரப்பியைப் படம் பிடிக்க எச்சில் முழுங்காதேன்னா எப்படிடா?" வெளியே வந்ததும் இதுதான் முதல் புகார்.

ஃபிலிமில் கட்டி பளிச்சென்று வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருந்தது. 'டி-2' என்கிற வகைப் படத்தில் இப்படித் தெரிந்தால் பெரும்பாலும் சாதுவான கட்டியாம். கறுத்து, ஓரம் கலைந்திருந்தால்தான் சந்தேகம். ஆச்சரியம் என்னவென்றால், சுரப்பிக்குள் அந்த நரம்பு சரியாகத் தெரிவதே இல்லை! தாடைக்குப் பின்னால் ஓடும் ஒரு ரத்தக்குழாய் தெரியும். நரம்பு அதை ஒட்டித்தான் போகும் என்பதால், அதை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். அம்மாவுடையது அதற்கு வெளிப்பக்கம். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனா படம் மட்டும் போதாது. ஊசி போட்டு செல்களை எடுத்துப் பார்த்தார்கள். பிளியோமார்ஃபிக் அடினோமா. எச்சில் சுரப்பியில் அதிகம் வருவது இதுதான். சாதுதான், ஆனா விட்டுவைத்தால் சில பேருக்குப் பின்னாளில் கேன்சராக மாறலாம் என்பதால் எடுத்தே ஆகணும். (இன்னொரு வகை, வார்தின் கட்டி. புகை பிடிப்பவர்களுக்குத்தான் அதிகம். ஹாஸ்டல் மச்சிகளே, சும்மா காதில் போட்டு வைக்கிறேன்.)

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் டாக்டர் கேட்டது: "கண்ணை இறுக்கி மூடுங்கம்மா. பல்லைக் காட்டுங்க."

காட்டினாள். ரெண்டு பக்கமும் சமமாக!

காது மடல் மட்டும் இன்னும் மரத்துப் போயிருக்கு. தோடு போட்டாலே தெரியலையாம். பாட்டியின் சங்கிலியை மட்டும் அம்மா இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.