தகிடவா, தகதிமியா? – வியன்னாவில் ஒரு கல்யாணக் கேள்வி

நம் ஊரில் கல்யாணம் நிச்சயமானால் முதலில் தேடுவது சத்திரம், அப்புறம் சமையற்காரர், அதற்கும் அப்புறம் நாதஸ்வரக்காரர். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவிலும் கிட்டத்தட்ட இதே ஜாபிதாதான். ஆனால் அதில் நமக்குப் பழக்கமில்லாத ஓர் இனமும் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் நடனப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும்!

எதற்கு என்கிறீர்களா? விருந்து முடிந்ததும் கூடத்தின் நடுவே மேஜைகளை ஒதுக்கி இடம் பண்ணுவார்கள். வாத்தியம் ஆரம்பமாகும். மணமக்கள் இருவர் மட்டும் எழுந்து வந்து, அத்தனை உறவினரும் பார்த்துக்கொண்டிருக்க, முதல் நடனத்தை ஆடவேண்டும். அதன் பிறகுதான் பெற்றோர் வருவார்கள், பிறகு மற்றவர்கள். நலங்கில் பெண்ணைப் பாடச் சொல்லிவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாத்தனார்களின் பார்வையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அந்த மூன்று நிமிஷம் எத்தனை நீளம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்!

வியன்னாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நடனத்தின் ஞாபகம்தான். ஷ்டாட்பார்க் என்ற நகரப் பூங்காவில், தங்க முலாம் பூசிய ஜோஹான் ஸ்ட்ராஸ் பிடில் வாசித்துக்கொண்டு நிற்கிறார். அந்தச் சிலையைத் திறந்தது 1921-ல். அவருடைய 'நீல டான்யூப்' என்ற வால்ட்ஸ், 1867 பிப்ரவரி 15-ந் தேதி முதன்முதலாக அரங்கேறியது. புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில், செயின்ட் ஸ்டீபன் ஆலயத்தின் பெரிய மணி ஒலித்து ஓய்ந்ததும் ரேடியோவில் அந்த மெட்டுத்தான் வரும். தெருவில் நிற்கிறவர்கள்கூட ஜோடி சேர்ந்து சுழல்வார்கள். குளிர்காலம் வந்தால் 'பால்' எனப்படும் நடன விருந்துகள் நகரமெங்கும் நடக்கின்றன.

இத்தனை மரியாதை பெற்ற வால்ட்ஸ் ஒரு காலத்தில் வசவு வாங்கிய நடனம்! மலைநாட்டுக் கிராமங்களில் குடியானவர்கள் கனத்த ஜோடுகளோடு ஆடிய 'லெண்ட்லர்' போன்ற ஆட்டங்களிலிருந்து வளர்ந்தது அது. அதற்கு முன்னால் பிரபுக்கள் ஆடியபோது விரல் நுனியைத்தான் தொடுவார்கள். வால்ட்ஸிலோ ஆணின் வலது கை பெண்ணின் தோள்பட்டைக்குக் கீழே முதுகைத் தாங்குகிறது. இருவரும் எதிரெதிராக நின்று சுழல்கிறார்கள். 1816-ல் லண்டன் அரண்மனை விருந்தில் இதை ஆடியபோது, 'டைம்ஸ்' பத்திரிகை பெற்றோர்களை எச்சரித்தே எழுதிவிட்டது. இன்றைக்கு வியன்னாப் பாட்டிமார்கள், "நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு வால்ட்ஸ் தெரியாமல் இருக்குமா?" என்கிறார்கள். காலம் செய்யும் வேடிக்கையைப் பார்த்தீர்களா!

அப்படிப்பட்ட ஊரில், ஒரு நடனப் பள்ளியில் அனுமதி கேட்டு ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மெழுகிட்ட மரத்தரை, சுவர் நெடுகக் கண்ணாடி. ஆசிரியை அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள். உதவி ஆசிரியையான ஓர் இளம்பெண், நடப்பதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்த ஒரு ஜோடி வந்தது. "எங்களுக்கு வால்ட்ஸ் சொல்லிக் கொடுங்கள்" என்றாள் பெண். ஒரு பாட்டையும் போட்டுக் காட்டினாள். "முதலில் கால் வேண்டாம், கை போதும். தட்டுங்கள்" என்றார் ஆசிரியை.

அவர்கள் தட்டத் தட்ட எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நட்டுவாங்கம் கேட்டு வளர்ந்த உங்களுக்கும் உடனே விளங்கும். வால்ட்ஸ் என்பது 'தகிட, தகிட'. மும்மூன்று எண்ணிக்கை, முதல் தட்டில் அழுத்தம். (முத்துஸ்வாமி தீக்ஷிதர் நோட்டுஸ்வர ஸாகித்யங்களில் இப்படி மூன்று எண்ணிக்கையில் நடக்கும் மேல்நாட்டு மெட்டுக்களும் உண்டு. ஆங்கிலேயரின் ராஜ கீதத்தின் மெட்டில் அமைந்த 'ஸந்ததம் பாஹிமாம்' அப்படிப்பட்டதுதான்.) அவள் கொண்டு வந்த பாட்டோ 'தகதிமி, தகதிமி'. நாலு எண்ணிக்கைப் பாட்டில் மூன்று எண்ணிக்கை நடனத்தை ஆடினால் மாப்பிள்ளை ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம், பாட்டு வேறொரு பக்கமாகப் போகும்!

ஆசிரியை பொறுமையாகச் சொன்ன கணக்கு இது. வியன்னா வால்ட்ஸ் வெகு வேகம். நிமிஷத்துக்குச் சுமார் 180 அடி, ஆறு அடிக்கு ஒரு முழுச் சுற்று. பழகாதவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும். மெதுவான வால்ட்ஸ் அதில் ஏறக்குறையப் பாதி வேகம். எண்ணிக்கை அதே மூன்று. நாலு எண்ணிக்கையில் நிதானமாக, கூடத்தைச் சுற்றி நடப்பது போல் ஆடுவதற்கு ஃபாக்ஸ்டிராட். இடம் சிறியதானால், நின்ற இடத்தை விட்டு அதிகம் நகராத ரும்பா. அது கியூபாவில் பிறந்தது. தென் அமெரிக்காவின் டாங்கோ பார்க்க அழகுதான். ஆனால் சட்டென்று நிற்பதும் திரும்புவதும் ஆறு வாரத்தில் வராது.

பாட்டோடு விஷயம் முடியவில்லை. கல்யாண உடையின் நீண்ட வால் தரையில் புரண்டால் சுழலும்போது காலில் சிக்கும். அதைத் தூக்கிக் கட்டத் தையற்காரரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். ரப்பர் அடி வைத்த ஜோடு திரும்பும்போது தரையைப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான தோல் அடி நல்லது. கல்யாணத்தன்று போடப்போகும் ஜோட்டைப் போட்டுக்கொண்டேதான் பழகவேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டபின் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "பாட்டி வால்ட்ஸைப் பார்க்க ஆசையோடு காத்திருக்கிறாள். ஆனால் இந்தப் பாட்டை விடவும் மனம் இல்லை. அப்பா காலமான வருஷம், தினமும் இரவு இவர் டெலிபோனில் எனக்காகக் கிதாரில் வாசித்த பாட்டு இது" என்றாள்.

ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முதல் நடனம் முடிந்ததும் மணப்பெண் தகப்பனாரோடு ஆடுவது வழக்கம். அந்த இரண்டாவது நடனத்துக்கு யாரை நினைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

பெண் பதில் சொல்லவில்லை. அதுவரை வாயே திறக்காமல் நின்ற மாப்பிள்ளைதான் மெல்லச் சொன்னான்: "பாட்டியோடு ஆடு. அது வால்ட்ஸாக இருக்கட்டும்."

அவ்வளவுதான், சிக்கல் அவிழ்ந்தது. முதல் நடனம் அவர்களுடைய பாட்டுக்கு, ஃபாக்ஸ்டிராட். இரண்டாவது பாட்டியோடு, மெதுவான வால்ட்ஸ். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நிமிஷம் மாப்பிள்ளை அவள் காலை மிதித்தான். ஆசிரியை, "பாதகமில்லை, ஆறு வாரம் இருக்கிறது!" என்றார்.

சகோதரிகளே, கடல் கடந்து போன பிள்ளைகளின் கல்யாணத்தில் இந்த முதல் நடனம் உங்கள் கண்ணெதிரே நடக்க இடமுண்டு. "இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று முகம் திருப்பாதீர்கள், "எது நாகரிகமோ அதை ஆடுங்கள்" என்றும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் மனத்துக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டுப் பாருங்கள். தகிட என்றால் வால்ட்ஸ். தகதிமி என்றால் ஃபாக்ஸ்டிராட்டோ ரும்பாவோ. பிறகு கூடத்தின் அளவையும், புடவைக் கொசுவத்தையும், கால் ஜோட்டையும் பாருங்கள். பாட்டு மிக நீளமானால் இரண்டு நிமிஷத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அடி தவறினால் தவறட்டும். பார்க்கிறவர்கள் அடியை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஒருவர் தடுமாறும்போது மற்றவர் கையை விடாமல் பிடித்திருக்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். அதற்கு எந்த நடனமானாலும் சரிதான்.