200 மணி நேரத்து ஆசாரியர்

ரிஷிகேசத்தில் ராம் ஜூலாப் பக்கம் சுவர் விளம்பரங்களைப் படித்துக்கொண்டே நடந்தால், 200 மணி நேரத்தில், அதாவது ஏறக்குறைய நான்கே வாரங்களில், சாத்விக போஜனமும் அளித்து எவரையும் யோகாசாரியராக்கிவிடுவதாக வாக்களிக்காத பள்ளி அபூர்வம்.

அந்த 200 பதஞ்சலி மகரிஷி அருளியதன்று;
1999-இல் அமெரிக்காவில் தோன்றிய யோகா அலையன்ஸ் வகுத்த கணக்கு.

(பத்தமடையில் பிறந்து, வைத்தியத் தொழிலைத் துறந்து, 1936-இல் இதே ஊரில் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் கண்ட சிவானந்தர் எந்த அலையன்ஸில் பதிந்துகொண்டாராம்?)

ஆதலால், இப்பள்ளிகளில் ஒன்றில் சேருமுன், கங்கை தெரியும் ஜன்னலை மறந்துவிட்டு, வகுப்பில் எத்தனை பேர், முழங்கால் வலித்தால் ஆசிரியர் என்ன செய்வார் என்று மட்டுமே விசாரித்துவருகிறேன்.

தொடைக்கடியில் தலையணை செருகாமல் வஜ்ராசனத்தில் அமராத இந்தச் சரீரம் நாளை பிறருக்குப் போதிக்கப்போகிறதாம்!

அங்கே பயின்றவர் எவரேனும் உண்டா?
ஆசிரியர் உங்கள் பாய் வரை வந்தாரா, மேடையிலேயே இருந்துவிட்டாரா?