வண்டிக்கும் எண்ணெய் முழுக்கு

மோட்டார் வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவதைப் பற்றி ஒரு கட்டுரை என்றதும், "இது ஆண்பிள்ளைகள் சமாசாரம், அடுத்த பக்கத்தில் தொடர்கதை இருக்கிறது" என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். தொடர்கதையின் கதாநாயகி எப்படியும் இந்த வாரம் காப்பாற்றப்படப் போவதில்லை! வடை சுட்ட எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றலாமா, கூடாதா என்று பார்த்த மாத்திரத்தில் தீர்மானிக்கிறவர்கள் நீங்கள். ஆகவே இந்த விஷயத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் வடக்கனந்தல். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைப் பக்கம் வந்தால், கோமுகி அணைக்கு அருகில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு மாருதி ஆம்னி வேன் உண்டு. 1984-ல் மாருதி வேன் என்று பிறந்து, 1988-ல் ஆம்னி என்று பெயர் மாற்றிக் கொண்டு, 2019-ல் உற்பத்தி நின்று போன ஜாதி அது. தயாரிப்பு நின்றாலும் எங்கள் வண்டி நிற்கவில்லை. பள்ளிக்கூடம், சந்தை, கல்யாணம், மலைமேல் வெள்ளிமலை வரையில் எல்லாப் பிரயாணமும் அதில்தான்.

மற்ற கார்களுக்கு எஞ்சின் பெரும்பாலும் மூக்கில் இருக்கும். இதற்கோ முன் இருக்கைகளுக்கு அடியில். 796 சி.சி., மூன்று சிலிண்டர். மலை ஏறும்போது கீழே அடுப்பு எரிவது உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். அந்த அடுப்பில் ஒன்றோடொன்று உரசுகிற இரும்புகளுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று, தேயாமல் காப்பது எண்ணெய்தான். சூட்டைக் கொஞ்சம் வாங்கிக் கொண்டு போவதும் அதுதான். கரியையும் இரும்புப் பொடியையும் தன்னோடு சேர்த்துக் கொள்வதும் அதுதான். இத்தனை ஊழியம் செய்தால் யாருக்குத்தான் முகம் கறுக்காது?

சென்ற வருஷம் ஒரு பணிமனையில் எண்ணெய் மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கிக் கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். புது எண்ணெயும் ஓடஓடக் கறுக்கும் என்பது உண்மை. நிறத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்டக் கூடாது. ஆனால் அன்றைக்கே அடைகரி மாதிரிக் கறுத்து, அளவும் கீழ்க்கோட்டுக்கு அடியில் நின்றால் என்ன அர்த்தம்? "அடுத்த தடவை நாமே மாற்றுவோம்" என்றேன். என் கணவர் ஒரு நிமிஷம் என்னையும், ஒரு நிமிஷம் வேனையும் பார்த்துவிட்டு, "ஸ்பானர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். சம்மதம் என்று எடுத்துக் கொண்டேன்.

முதலில் எந்த எண்ணெய் வாங்குவது? டப்பாவில் 20டபிள்யூ-40 என்பது போல் இரண்டு எண்கள் போட்டிருக்கும். பயப்பட வேண்டாம். நெய் மார்கழியில் உறைந்து, சித்திரையில் ஓடுகிறதல்லவா? அந்தக் கணக்குத்தான் இது. முதல் எண், குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண், எஞ்சின் சூடேறிய பிறகும் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும். கடைக்காரர் சொல்வதைவிட அதுவே நிச்சயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தோம். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக் கூடாது. உயிர் போகிற விஷயம் இது. எஞ்சினைச் சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினோம். வெதுவெதுப்பான எண்ணெய்தான் அழுக்கோடு நன்றாக இறங்கும். கொதிக்கக் கொதிக்க இறக்கினால் கை வெந்துவிடும்.

கையுறை மாட்டிக் கொண்டு, அடியில் பேசினை வைத்து, எண்ணெய் இறங்கும் நட்டைக் கழற்றினோம். கடைசிச் சொட்டு வரையில் காத்திருந்து, புது வாஷரோடு அதைத் திரும்ப முடுக்கினோம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக் கொண்டிருக்கவில்லை என்று பார்த்துக் கொண்டு, புது ஃபில்டரின் வளையத்தில் ஒரு விரல் புது எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கினோம். பிறகு புனல் வைத்துப் புது எண்ணெய். எங்கள் வண்டிக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர். சற்று ஓடவிட்டு, கசிவு இல்லையென்று பார்த்து, நிறுத்திச் சில நிமிஷம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவே தேன் நிறத்தில் பளபளத்தது! கோட்டுக்கு மேலே போனாலும் கெடுதல்தான். தாராள மனசு இங்கே உதவாது.

வேலை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பித்தது. பேசின் நிறையக் கறுப்பு எண்ணெய் இருந்ததே, அதை என்ன செய்வது?

திண்ணையிலிருந்து மாமனார் சொன்னார்: "வேலியோரமா ஊத்திடும்மா. கரையான் அண்டாது."

"மாமா, வேலிக்கும் கிணத்துக்கும் பத்தடிதானே?"

"பம்ப் செட் எண்ணெயெல்லாம் அங்கேதான் ஊத்தினோம். இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

வயதில் பெரியவரோடு வாதம் செய்வது மரியாதையல்ல. பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வந்து, அவர் முன்னால் வைத்தேன். ஒரு குச்சியால் பழைய எண்ணெயைத் தொட்டு, ஒரே ஒரு சொட்டு விட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் அது பரவி, வாளியின் ஓரம் வரையில் மயில் கழுத்து மாதிரி வர்ணம் காட்டியது. மாமனார் குனிந்து பார்த்தார். எனக்குச் சொல்லத் தோன்றியது எவ்வளவோ, ஒன்றும் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து அவரே, "மழை பெஞ்சா வேலியோரத் தண்ணியெல்லாம் கிணத்துப் பக்கம்தான் இறங்கும்" என்றார். பிறகு, "டப்பாவை எடுத்தாம்மா, நான் பிடிச்சுக்கறேன்" என்று எழுந்து வந்தார்.

இது வாளியோடு போகிற விஷயமல்ல. ஒரே ஒரு தடவை மாற்றிய எண்ணெய் பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடக் கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. நம் நாட்டின் 2016-ஆம் வருஷத்து விதிகளும் பழைய எண்ணெயை அபாயகரமான கழிவு என்றே சொல்கின்றன. ஊர்ப் பெண்கள் நாற்று நடுகிற வயலும், நாம் சோறு வடிக்கிற கிணறும் அந்த ஒரு பேசினுக்கு ஈடாகுமா?

அடுத்த தெருவில் வீடு கட்டும் கொத்தனார் தம்பியும் கேட்டு வந்தார், சென்டரிங் பலகைக்குப் பூசலாமென்று. அதுவும் கடைசியில் மண்ணுக்குத்தான் போகும் என்று சொல்லி, மன்னிக்கச் சொன்னேன். அடுப்பெரிக்கவும் கூடாது; அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. அடிக்கடி தோலில் பட்டாலும் கெடுதல்.

புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, மூடி, மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். தண்ணீர் பாட்டிலிலோ நெய் டப்பாவிலோ ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். மறுநாள் கள்ளக்குறிச்சியில், பழைய எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்புகிற ஒரு பணிமனையில் கொடுத்துவிட்டு வந்தோம். அதைச் சுத்திகரித்தால் மறுபடி நல்ல எண்ணெயாகும். நாலு லிட்டர் பழைய எண்ணெயில் சுமார் இரண்டரை லிட்டர் கிடைக்குமாம். அதையே கச்சா எண்ணெயிலிருந்து எடுக்க ஏறக்குறைய 168 லிட்டர் வேண்டியிருக்குமாம். 2024 ஏப்ரல் முதல், எண்ணெய் தயாரிக்கும் நிறுவனங்களே இந்த மறுசுத்திகரிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் அமலில் இருக்கிறது.

வீட்டில் மாற்றினாலும் சரி, பணிமனையில் மாற்றினாலும் சரி, "பழைய எண்ணெய் எங்கே போகிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க வேண்டியவர் நீங்கள்தான்; வீட்டில் தண்ணீர்க் குடத்தின் அருமை உங்களைவிட யாருக்குத் தெரியும்? பதில் திருப்தியாக இருந்தால் தாராளமாகக் கை கழுவிவிடலாம். சோப்புப் போட்டு, நன்றாக!