கைப்பிடி

மலையைப் பற்றி எழுதப் புகுவோர் மேகத்தையும் பசுமையையும் அருவியையும் பாடுவது வழக்கம். பொன்முடியைப் பற்றி அவ்வாறு எழுதியோர் பலர். நாம் இங்கு எழுத முற்படுவதோ, அம்மலைக்கு ஏறும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் செருகியிருக்கும், ஒரு சாண் நீளம்கூட இல்லாத ரப்பர் உறையைப் பற்றி. பொருள் சிறிது, ஆயினும் உயிரோடு தொடர்புடையது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி. கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அப்பாதையில் வண்டியோட்டியின் இரு கைகளுக்கும் ஓய்வில்லை. இடக்கை கிளட்சை இழுக்க, வலக்கை ஆக்ஸிலேட்டரை முறுக்கவும் தளர்த்தவும் முன்சக்கரப் பிரேக்கைப் பிடிக்கவும் வேண்டும். இறங்கும்போதோ உடலின் பாரம் பெரிதும் உள்ளங்கைகளின் மேல் சாய்கிறது.

மலையாளத்தார் கர்க்கடகம் என்றும் நாம் ஆடி என்றும் சொல்லும் மழை மாதம் ஒன்றில் அவ்வழியே சென்றோம். விதுராவை நெருங்குகையில் நம் பழைய புல்லட்டின் வலக்கைப்பிடி உறை கையோடு சுழலத் தொடங்கியது. கை முறுக்குகிறது, எஞ்சினோ கேட்கவில்லை. சமவெளியில் இது வெறும் தொல்லை. ஏற்றத்தில், வளைவின் நடுவில், வேண்டிய வேளையில் இழுவை குறைந்தால் வண்டி நின்று சாயும். நழுவிய உறை உள்நோக்கி நகர்ந்து ஸ்விட்ச் பெட்டியை உரசினால் அதனினும் கேடு. ஆக்ஸிலேட்டர் திரும்பாமல் நின்றுவிடக்கூடும்.

விதுராவில் ஒரு சிறு பட்டறை. மெக்கானிக் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பிளேடால் பழைய உறையை நெடுக்காகக் கீறி உரித்தார். அடியில் படிந்திருந்த பழைய பசையைச் சுரண்டி, துணியால் துடைத்து உலரவிட்டார். புதிய ஜோடியை எடுத்து இரண்டின் துளைகளையும் நமக்குக் காட்டினார். இடப்பக்க உறை அசையாத குழாயின் மேல் நேரே ஏறுவது. வலப்பக்க உறை, அக்குழாயின் மேல் சுழலும் மற்றொரு குழலின் மேல் ஏறுவது. ஆகவே வலத்தின் துளை சற்றே பெரிது. இரண்டையும் மாற்றிச் செருகினால் ஒன்று ஏறாது, மற்றொன்று நில்லாது.

அருகில் நின்ற ஒருவர், "கொஞ்சம் கிரீஸ் தடவினா சுலபமா ஏறுமே" என்றார்.

"ஏறும் அண்ணாச்சி. ஏறுன மாதிரியே இறங்கியும் போவும்" என்றார் மெக்கானிக்.

அவர் தடவியது பசை. உறையை ஒரே மூச்சில் தள்ளி, ஸ்விட்ச் பெட்டிக்கும் அதற்கும் இடையே ஒரு நூல் இடைவெளி விட்டார். பொழுது சாயுமுன் மலையேற நாம் துடித்தோம். அவரோ, "பசை காயட்டும் அண்ணாச்சி. பொன்முடி நாளைக்கும் அங்கதான் நிக்கும்" என்று சொல்லி, சாவியைத் தம் பையில் போட்டுக்கொண்டார். அன்றிரவு விதுராவிலேயே தங்கினோம்.

அந்த மாலையில் சாலையோர ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்து நின்றோம். ஒவ்வொரு மரத்திலும் சாய்வான வெட்டு. அதன் கீழே பால் ஏந்தும் சிரட்டை. இம்மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பார் பிரேசிலிலிருந்து விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கும், மறு ஆண்டு சிங்கப்பூருக்கும் வந்தன. கேரளத்தில் 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வணிகத் தோட்டம் எழுந்தது. வெயிலில் இளகிக் குளிரில் இறுகும் பச்சை ரப்பரைக் கந்தகம் கலந்து சூடாக்கி உறுதிப்படுத்தலாம் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்திராவிட்டால், கைப்பிடியும் இல்லை, சக்கரமும் இல்லை.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் சிலவற்றில், மலேயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய பாட்டனோ பாட்டியோ இருந்திருத்தல் கூடும். கங்காணியை நம்பிக் கப்பலேறியவர்கள் அவர்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அப்பயணம் நின்றபாடில்லை. அவர்கள் கையில் இருந்தது பால் வெட்டும் கத்தி. உலகம் பற்றிக்கொண்டு ஓடிய பொருளை வடித்துக் கொடுத்த கைகளுக்குப் பற்றிக்கொள்ள என்ன இருந்தது? மொழி இருந்தது, தோட்டத்து மாரியம்மன் கோயில் இருந்தது, ஊரின் பெயர் நினைவில் இருந்தது. அப்பிடி நழுவாமல் காத்தமையால்தான் இன்று நாம் மலர் வெளியிடுகிறோம். இன்று கைப்பிடி உறைகள் பலவும் செயற்கை ரப்பரால் ஆனவை. ஆயினும் உறையைத் தொடும்போது அக்கைகளை எண்ணாமலிருக்க நம்மால் இயலவில்லை.

மறுநாள் காலை சாவி கிடைத்தது. கொடுக்குமுன் மெக்கானிக் ஹேண்டில் பாரை முதலில் இடக்கோடிக்கும் பின்பு வலக்கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலேட்டரை முழுதும் முறுக்கிக் கைவிட்டார். இருமுறையும் அது தானே துள்ளித் திரும்பியது. "இனி போங்க" என்றார்.

கல்லாற்றைத் தாண்டி வளைவுகளில் ஏறினோம். கையைப் பற்றிய எண்ணமே எழவில்லை. ஆதலால் மலையைப் பார்க்க முடிந்தது.