துப்பாக்கிக் கட்டையும் மூன்று அங்குலமும்

மலிவு விலை வேட்டைத் துப்பாக்கியில் உண்மையிலேயே மலிவானது குழல் இல்லை. இரும்பைத் துளைத்து உள்ளே சுழல்வரி போடும் இயந்திரங்கள் இன்று நன்றாகத் தேறிவிட்டன. 400 டாலர் ரைஃபிளின் குழலும் ஒழுங்காகவே சுடும். கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடிக்கிற இடம் கட்டை. தோளில் முட்டுகிற பின்பக்கம் தொடங்கி, கை தாங்குகிற முன்பக்கம் வரை ஒரே துண்டாக வருவதைத்தான் கட்டை என்கிறேன். ஒருகாலத்தில் அது வால்நட் மரம். இன்று அச்சுக்குள் அழுத்தி வார்த்த பிளாஸ்டிக். கட்டை என்கிற பெயர் மட்டும் மரத்திலிருந்து மிச்சம்.

டெட்ராய்ட் பக்கம் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் வடிவமைப்பது என் பிழைப்பு. பம்பர், டேஷ்போர்டு, கதவின் உள்பக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கார் தொழிற்சாலையில் 35 வருஷம் நின்றவர். போன அக்டோபரில் ஒரு சாயங்காலம் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டார். "நீ பிளாஸ்டிக் ஆளுதானே? இங்க வந்து இதைப் பாரு."

அவருடைய கராஜில் ரைஃபிள் மேஜைமேல் கிடந்தது. கட்டையின் முன்நுனியையும் குழலையும் சேர்த்து இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினார். குளியலறை வாளியின் விளிம்பு மாதிரி வளைந்து, கட்டை குழலில் போய் ஒட்டிக்கொண்டது. விட்டால் திரும்பியது.

இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். சுடும்போது குழல் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். வீணைத் தந்தியில் எங்கோ விரல் பட்டால் சுரம் மாறுவதுபோல, குழலில் கட்டை ஒரு தடவை பட்டு மறுதடவை படாமல் போனால் குண்டு போகிற இடம் மாறும். அதனால்தான் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி விடுகிறார்கள். ஒரு டாலர் நோட்டை மடித்து அந்த இடைவெளியில் விட்டு, முன்நுனியிலிருந்து பின்னால் வரை தடையில்லாமல் இழுத்துப் பார்ப்பது இங்கே பழைய பரிசோதனை. பெரியவரின் துப்பாக்கியில் நோட்டு வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் பாரம் ஏறினால் இடைவெளி மூடிக்கொள்கிறது. ரேஞ்சில் அவர் அளந்தும் வைத்திருந்தார். மணல்மூட்டையில் வைத்துச் சுட்டால் 100 கெஜத்தில் மூன்று குண்டும் ஒன்றரை அங்குலத்துக்குள். முன்நுனியில் பைபாட் மாட்டி உடம்பால் அழுத்திச் சுட்டால் மூன்றும் சேர்ந்து 3 அங்குலம் தள்ளி.

பிளாஸ்டிக்கைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரெமிங்டன் 1959-இல் டூபான்ட் நைலானில் கட்டை போட்டு நைலான் 66 என்று ஒரு .22 ரைஃபிள் கொண்டுவந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. மரம் மட்டும் யோக்கியமா? ஈரத்தில் ஊதி அதுவும் குழலை நெருக்கும். இங்கே பிரச்சினை வடிவம். மூடி இல்லாத செருப்புப் பெட்டியின் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், துணி மாதிரி முறுகும். மூடியை ஒட்டிவிட்டால் அசையாது. கட்டையின் முன்பகுதி மூடியில்லாத பெட்டி. உள்ளே நாலைந்து மெல்லிய குறுக்குச் சுவர், மற்றபடி காற்று. மூடி போடவும் முடியாது, அங்கேதான் குழல் உட்காரவேண்டும்.

புதுக் கட்டை வாங்கலாம். நல்ல ஃபைபர்கிளாஸ் கட்டை, துப்பாக்கியின் விலையையே தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அவரோ ஓய்வூதியத்தில் இருப்பவர். ஒரு மான் விழுந்தால் குளிர்காலம் முழுக்க ஃப்ரீசர் நிறையும் என்று கணக்குப் போடுகிறவர்.

சரி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்கிறேன் என்றேன். சொன்ன பிறகு சட்டம் ஞாபகம் வந்தது. நான் எச்1பி விசாவில் இருப்பவன். எங்களைப் போன்றவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வாங்கினால் விலக்கு உண்டு, நான் வாங்கவில்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவனுக்கு இந்த மாதிரி விஷயத்தில் தைரியம் கிடையாது. நல்லவேளையாக, சட்டம் துப்பாக்கி என்று சொல்வது இயக்கப்பகுதி பொருத்தப்பட்ட இரும்புக் கூட்டைத்தான். கட்டை வெறும் உதிரிபாகம். அவர் இரண்டு திருகைக் கழற்றி, இரும்பைத் தன் அலமாரியில் பூட்டிவிட்டு, பிளாஸ்டிக்கை என் கையில் கொடுத்தார்.

என் மனைவி சமையல் மேஜையில் அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது என்ன வேலை?" என்றாள். "பிளாஸ்டிக்தான்." "பிளாஸ்டிக் மாதிரி தெரியலையே."

வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். உள்ளே எபாக்ஸி ஊற்றினால் ஆச்சு என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ரகக் கட்டைகளில் பல பாலிபுரொப்பிலீன் வகை. அதில் எபாக்ஸி ஒட்டாது, காய்ந்த பிறகு இட்லித் தட்டிலிருந்து இட்லி வருவதுபோலக் கழன்று வரும். பம்பருக்கு வண்ணம் அடிக்குமுன் தொழிற்சாலையில் தீச்சுவாலையை மேலே ஓட்டுவார்கள். அதையே சின்ன டார்ச்சில் செய்தேன், ஓரிடத்தில் நிற்காமல். அதற்குமுன் உப்புத்தாளால் உள்சுவரைக் கீறி, குறுக்குச் சுவர்களில் துளை போட்டேன். எபாக்ஸி அந்தத் துளைகள் வழியாக ஓடி இறுகினால், ஒட்டாவிட்டாலும் பூட்டிக்கொள்ளும். அதே சுவர்களைக் குடைந்து, வில்வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் கார்பன் அம்புத் தண்டு இரண்டை நீளவாக்கில் பதித்தேன். விறைப்பைத் தருவது அவைதான். எபாக்ஸி அவற்றைப் பிடித்துவைக்கிற பசை. ஒரேயடியாக ஊற்றினால் சூடேறிக் கட்டை கோணிவிடும் என்பதால் மூன்று தவணை. அக்டோபர் குளிரில் கராஜில் காயாது, வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். நாற்றத்தைப் பற்றி வீட்டில் இன்னும் பேசுகிறார்கள். மொத்தச் செலவு 40 டாலருக்குள். எடை கொஞ்சம் கூடியது. அதுவும் முன்பாரம், நல்லதுதான்.

திரும்பக் கொடுக்கப் போனபோதுதான் போன வருஷக் கதையைச் சொன்னார். மிச்சிகனில் துப்பாக்கி மான் சீசன் என்ன கிழமையானாலும் நவம்பர் 15-இல் தொடங்கும். வடக்கே சில பள்ளிக்கூடங்கள் அன்றைக்கு விடுமுறையே விடும். அவர் மேக்கினாக் பாலம் தாண்டி மேல் தீபகற்பத்துக்குப் போகிறவர். போன வருஷம் வயல் ஓரத்து மேடையில் உட்கார்ந்து, 80 கெஜத்தில் ஒரு பெட்டை மானைச் சுட்டார். விழவில்லை. ரத்தத் துளியைப் பார்த்துக்கொண்டே இருட்டும்வரை நடந்தார். மறுநாள் விடிந்ததும் நடந்தார். கிடைக்கவில்லை. "ஐம்பது வருஷத்துல இது நடந்ததில்ல," என்றார். "மேடையோட கம்பியில முன்பக்கத்தை அழுத்தி வச்சுதான் சுட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் புரிந்தது, அவர் என்னிடம் கொடுத்தது கட்டையை மட்டுமில்லை என்று.

அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனோம். நான் துப்பாக்கியைத் தொடவில்லை, தொலைநோக்கியில் துளைகளைப் பார்த்துச் சொன்னேன். மணல்மூட்டையில் மூன்று. பைபாட்டில் அழுத்தி மூன்று. ஆறும் ஒரே கூட்டம், இரண்டு அங்குலத்துக்குள். கட்டை அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், என் வேலையில் இவ்வளவு சீக்கிரம் பலன் தெரிவது அபூர்வம்.

பெரியவர் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "100 கெஜத்துல 3 அங்குலம். அப்போ 80-ல?"

"இரண்டரைக்கும் கொஞ்சம் கம்மி," என்றேன்.

மானின் நெஞ்சில் சுடவேண்டிய இடம் சுமார் 8 அங்குல வட்டம். நடுவில் குறிவைத்தால் எந்தப் பக்கமும் 4 அங்குலம் இடம் உண்டு. இதை நான் சொல்லவில்லை. 35 வருஷம் அளவுகோலோடு வேலை செய்தவருக்குச் சொல்ல வேண்டிய கணக்கா? கட்டையோடு கையும் ஆடியிருக்கலாம், மானும் நகர்ந்திருக்கலாம் என்று ஏதோ இழுத்தேன். அவர் தலையாட்டினார். பிறகு எழுந்து நின்று, எதிலும் சாயாமல் 50 கெஜத்தில் ஐந்து குண்டு சுட்டார். நான் தொலைநோக்கியில் பார்த்ததைச் சொல்வதற்குள், "தெரியுது," என்றார்.

காரில் வரும்போதே முடிவு செய்துவிட்டார். வயல் ஓரத்து மேடை இந்த வருஷம் மருமகனுக்கு. இவர் ஓடைப் பக்கம் கீழே உட்காரப்போகிறார், அங்கே 40 கெஜத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. கையைத் தாங்க மூன்று கால் குச்சி ஒன்று வாங்க வேண்டும் என்றார். வீட்டு வாசலில் இறங்கும்போது, டப்பாவில் எபாக்ஸி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். படகில் ஒரு விரிசலாம்.